கொழும்பில் ஒரு புள்ளடி எப்படி ஆசனமாகிறது?

2015 ஆகஸ்ட் 17ஆம் திகதி நடந்த இலங்கை நாடாளுமன்றத் தேர்தலில் யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி அணிக்கு 106 ஆசனம், வெற்றிலைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 95. 225 பேர் கொண்ட சபையில் தனித்து ஆட்சியமைக்க 113 வேண்டும். இருவருக்கும் எட்டவில்லை. இப்படி இழுபறியாகும் தேர்தலில் கடைசி ஓரிரு ஆசனங்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதுதான் பெரிய விஷயம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடிய விடிய முடிவு கேட்கிறோம். ஆனால் வாக்கு ஆசனமாக மாறும் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அது எல்லோரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான்.

கொழும்பு மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு இங்கே 19 ஆசனம். யானை 640,743 வாக்கு, வெற்றிலை 474,063, மக்கள் விடுதலை முன்னணியின் மணி 81,391. மற்றக் கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் 5 வீதத்தைத் தொடவில்லை. தொடாதவர்களின் வாக்குகள் முதலிலேயே கணக்கிலிருந்து கழிக்கப்படும்.

அடுத்து, முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது யானைக்குப் போனது. மிச்சம் 18. மூன்று கட்சிகளின் வாக்கையும் கூட்டினால் 1,196,197. அதை 18ஆல் வகுத்து, வரும் பின்னத்தை மேல்நோக்கி முழுமையாக்கினால் 66,456. இதுதான் அன்றைக்கு ஓர் ஆசனத்தின் விலை.

யானையின் வாக்கில் இந்த எண் ஒன்பது முறை அடங்குகிறது, மீதி 42,639. வெற்றிலையில் ஏழு முறை, மீதி 8,871. மணியில் ஒரு முறை, மீதி 14,935. ஆக 17 ஆசனம் போய்விட்டது. எஞ்சிய ஒன்று மிகப் பெரிய மீதி வைத்திருப்பவருக்கு, அதாவது யானைக்கு. முடிவு 11, 7, 1.

அந்தக் கடைசி ஆசனம் எவ்வளவு இளகியது என்று பாருங்கள். மணிக்கு இன்னும் 20,000 பேர் புதிதாக வந்து வாக்களித்திருந்தால் ஆசனத்தின் விலை 67,567 ஆகியிருக்கும். யானையின் மீதி 32,640க்கு இறங்கி, மணியின் மீதி 33,824க்கு ஏறி, ஆசனம் கைமாறியிருக்கும். யானைக்காரர் ஒருவர்கூடக் கட்சி மாறாமலே!

அந்த 5 வீத வெட்டுப்புள்ளியின் கதை இன்னும் முக்கியம். 1978 அரசியலமைப்பில் அது எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீதம். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் விடாப்பிடியாகக் கேட்டு, 1988இல் 15ஆவது திருத்தத்தின் மூலம் அது 5 வீதமாகக் குறைந்தது. பழைய விதியே இருந்திருந்தால் 6.73 வீதம் பெற்ற மணி 2015இல் கழிபட்டிருக்கும். அந்த ஆசனம் வெற்றிலைக்குப் போயிருக்கும். சிறுபான்மைக் கட்சிகளும் சிறிய கட்சிகளும் இன்றைக்குச் சபையில் இருப்பதற்கு இந்தத் திருத்தம் ஒரு பெரிய காரணம். அதை நாம் போதுமான அளவுக்கு நினைப்பதில்லை என்பது என் ஆதங்கம்.

போனஸ் எனக்கு உடன்பாடில்லாத விதி. 2024இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறு ஆசனம். தமிழ் வாக்குகள் பல கட்சிகளாகச் சிதறிக் கிடக்க, 24.85 வீதம் மட்டுமே பெற்ற திசைகாட்டிக்கு, அதாவது தேசிய மக்கள் சக்திக்கு, மூன்று ஆசனம் கிடைத்தது. ஒன்று போனஸில், ஒன்று ஆசன விலையை முழுதாக எட்டிய வாக்கில், ஒன்று மீதியில். கால்வாசிக்கும் குறைந்த வாக்குக்குப் பாதி ஆசனம்.

ஆனாலும் பழைய தொகுதி முறையை விட இது எவ்வளவோ மேல். 1977இல் ஏறத்தாழ 51 வீத வாக்குடன் ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனத்தை அள்ளியது. ஏறத்தாழ 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் எட்டு.

22 மாவட்டங்களிலும் இப்படி 196 பேர் தெரிவானபின், மீதி 29 ஆசனம் நாடளாவிய வாக்குப்படி தேசியப் பட்டியலில் பிரிகிறது.

சரி, கட்சிக்கு ஆசனம் கிடைத்தாயிற்று. எந்த ஆட்கள் போவது? அதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். பட்டியலில் ஆசன எண்ணிக்கையை விட மூன்று பேர் கூடுதலாக இருப்பார்கள். கொழும்பில் அன்று கட்சிக்கு 22 பேர். வாக்காளர் ஒருவர் தன் கட்சிப் பட்டியலில் மூன்று பேர் வரை தெரிவு செய்யலாம். ரணில் விக்கிரமசிங்க 500,566 விருப்பு வாக்கு எடுத்தது இப்படித்தான். அதே யானைப் பட்டியலில் மனோ கணேசன் தெரிவானதும் இப்படித்தான். கொழும்பில் சிதறி வாழும் தமிழர்களுக்கு இந்த மூன்று புள்ளடிகள்தான் பெரும் பலம்.

ஆனால் வரிசை முக்கியம். கட்சிக்குப் புள்ளடி போடாமல் வேட்பாளர் இலக்கங்களுக்கு மட்டும் போட்டால் முழு வாக்கும் செல்லாது. நான்கு இலக்கங்களுக்குப் போட்டால் கட்சி வாக்கு நிற்கும், விருப்பு வாக்கு போய்விடும். முதலில் சின்னம், அப்புறம் இலக்கம். வீட்டில் முதல் தடவை வாக்களிக்கப் போகிற பிள்ளைகளுக்கு இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.