ஏரி உள்வாயில் வெள்ளாமை: பி மெமோ ரசீது பட்டா ஆகாது

சேலம் மாவட்டத்தில் ஓமலூர், தாரமங்கலம், நங்கவள்ளி, எடப்பாடிப் பக்கம் வருடக்கணக்கில் தண்ணீர் பார்க்காத ஏரிகள் நிறைய. வறண்ட ஏரியில் வண்டல் இருக்கும், மண்ணில் ஈரம் நிற்கும். ஓர் ஆயில் என்ஜினும் நாலு உருளை ஹோஸும் இருந்தால் போதும், நிலமில்லாத குடும்பம் அங்கே ஒரு போகம் எடுத்துவிடும். முதல் வருடம் சோளம், அப்புறம் நிலக்கடலை, அப்புறம் மரவள்ளி. வரப்பு வரும், போர்வெல் வரும், நாலு தென்னங்கன்று வரும். மேட்டூர் அணையிலும் இதே கதைதான். நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் அணைக்குள்ளேயே விதைப்பார்கள். 120 அடியை நோக்கி அணை ஏறினால் விதைத்தது தண்ணீருக்குள் போகும்.

2021-இல் மேட்டூர் சரபங்கா நீரேற்றுத் திட்டம் தொடங்கியது. அணையின் உபரி நீரைத் திப்பம்பட்டியிலிருந்து மோட்டார் வைத்து ஏற்றி, 100 வறண்ட ஏரிகளுக்கு விடுவது திட்டம். நல்ல திட்டம். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் வரும் என்றால் உள்வாயில், அதாவது ஏரிக்குள்ளேயே, பயிர் வைத்தவர் வெளியேற வேண்டும். அப்போது அவர் இரும்புப் பெட்டியிலிருந்து பத்திரமாக எடுத்து நீட்டுவது பி மெமோ ரசீதை. "வருசா வருசம் கட்டிருக்கேன் சார்" என்பார். அந்த ரசீதை வாங்கிப் பார்த்த அதிகாரி எதுவும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பார். ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

விளக்கம் இதுதான். அரசு நிலத்தில் ஒருவர் பயிர் வைத்தால், 1905-ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) அதைக் குறித்து அனுப்ப, தாசில்தார் தீர்வையும் (நிலவரி) அபராதமும் போட வேண்டும். பசலி வருடத்துக்கு (ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய்க் கணக்கு வருடம்) ஒருமுறை விஏஓ எழுதும் அந்தக் குறிப்புதான் பி மெமோ. ரசீதில் உங்கள் பெயர் இருக்கும், சர்வே எண் இருக்கும், அரசு முத்திரையும் இருக்கும். பார்க்க வரி ரசீது போலவே இருக்கிறது, அதனால்தான் ஏமாந்து போகிறார்கள். உண்மையில் அது நீங்கள் ஆக்கிரமித்திருப்பதற்கு நீங்களே பணம் கட்டி வாங்கி வைத்திருக்கும் சாட்சி. இருபது வருட ரசீதைச் சேர்த்து வைத்தாலும் ஏரி நிலத்தில் உரிமை வராது. வீட்டு வரி ரசீது, கரண்ட் பில், ரேஷன் கார்டு முகவரி இவையும் அப்படித்தான்.

"பக்கத்து ஊரில் பி மெமோ கட்டியவருக்குப் பட்டா வந்ததே?" என்று கேட்பார்கள். வந்திருக்கும். அது தரிசாக இருந்திருக்கும். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பதிவான நிலத்தை நிலமற்றவருக்கு ஒப்படை செய்ய, அதாவது அரசே பட்டா போட்டுக் கொடுக்க, வழி உண்டு. ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் என்று பதிவானதை ஒப்படை செய்ய முடியாது. நீர்நிலையை மீட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இலும் 2011-இலும் சொல்லிவிட்டது. தாசில்தார் நல்லவரா கெட்டவரா என்பதெல்லாம் இங்கே கணக்கில்லை, அவரால் கொடுக்க முடியாது. நிலம் இப்போது காய்ந்து கிடக்கிறது என்ற வாதமும் எடுபடாது. பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் பேசும்.

ஆகவே முதல் வேலை பதிவேட்டைப் பார்ப்பது. வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் ஏ பதிவேட்டு (நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் கிராமக் கணக்கு) விவரம் வரும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. அது புறம்போக்கா என்று சரிபார்க்கவும் அங்கேயே இடம் உண்டு. உட்பிரிவு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். ஒரே சர்வே எண்ணில் ஒரு உட்பிரிவு பட்டாவாகவும் அடுத்தது ஏரியாகவும் இருக்கும். இதைச் செய்யாமல் புரோக்கரிடம் போனவர்கள்தான் பணத்தை இழந்தவர்கள். ஜமாபந்தி (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை) வரும் மாதங்களில் ஊருக்குள் ஒருவர் கிளம்புவார். மனு எழுத இவ்வளவு, "மேலே" கொடுக்க இவ்வளவு என்று வீட்டுக்கு வீடு வசூல் நடக்கும். மனுவுக்கு ரசீதும் கிடைக்கும். சில மாதம் கழித்து "விதிகளின்படி இயலாது" என்று ஒரு வரிப் பதில் வரும். வசூலித்தவர் அடுத்த ஊரில் இருப்பார். ஏரி நிலத்தை வெள்ளைப் பேப்பரில் கிரையம் வாங்கியவர்கள் நிலை இதைவிட மோசம். அதைப் பத்திரப்பதிவு செய்ய முடியாது, கொடுத்த பணத்தைக் கேட்கவும் பிடி இல்லை.

நோட்டீஸ் வந்துவிட்டதா? எந்தச் சட்டப்படி வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறைக்கு, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. நீர்வளத் துறை ஏரிக்கு 2007-ஆம் வருட ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி நோட்டீஸ் வரும். மற்றதற்கு 1905 சட்டம். இப்படி இரண்டாகப் பிரிந்திருப்பதுதான் அலைச்சலுக்கு மூலம். விஏஓ நீர்வளத் துறையைக் கேள் என்பார். அவர்கள் சர்வே முடியவில்லை, தாசில்தாரைக் கேள் என்பார்கள். தாசில்தார் அலுவலகம் ஒன்றியத்தின் பிடிஓவை (வட்டார வளர்ச்சி அலுவலர்) கை காட்டும். யார் கையெழுத்துப் போட்டு நோட்டீஸ் அனுப்பினாரோ அவருக்குத்தான் பதில், வேறு எங்கும் போக வேண்டாம். நோட்டீஸில் உள்ள தேதிக்குள் எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் "பார்க்கலாம், போங்க" என்று அனுப்பியதை நம்பிப் பதில் தராமல் இருந்துவிட்டால், பதிலே இல்லை என்று கோப்பில் எழுதிக்கொள்வார்கள். பதிலில் கேட்க வேண்டியது இரண்டு: எல்லையை அளந்து காட்டுங்கள், நிற்கிற பயிரை அறுக்க அவகாசம் கொடுங்கள். எல்லை அளப்பது முக்கியம். கரையோரப் பட்டாக்காரர் நிலமும் சில சமயம் ஆக்கிரமிப்புக் கணக்கில் சேர்ந்துவிடும். உங்களிடம் பட்டா இருந்தால் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) இணையுங்கள்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உள்வாயில் பயிர் நிற்கும்போது தண்ணீர் தேங்கினால் நஷ்டம். அதனால் மதகைத் திறந்தே வைப்பார்கள், உபரி நீர் வழியும் கோடியை வெட்டிவிடுவார்கள். ஏரி பாதிக்கு மேல் நிரம்பாது. ஏரிக்குக் கீழே நெல் போட்டுக்கொண்டிருந்தவரின் கிணறு இறங்கும். அவர் போர் போட்டுப் பாக்குக்கோ மரவள்ளிக்கோ மாறுவார். அதற்கப்புறம் மதகைப் பற்றிக் கேட்க ஆளே இருக்காது. உள்ளே ஏரி புஞ்சையாகும், வெளியே நஞ்சையும் புஞ்சையாகும். இரண்டு பக்கமும் ஏழைதான் என்பதால் ஊரில் யாரும் வாய் திறப்பதில்லை.

சரி, கரையோரம் சொந்தப் பட்டா வைத்திருப்பவருக்குச் சொட்டுநீர் மானியம் உண்டு. சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். உள்வாய் நிலத்துக்கு இது கிடையாது, சிட்டா இல்லாமல் விண்ணப்பம் நகராது. பட்டா இருந்தும் தடுக்கி விழும் இடம், பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருப்பது. சிறு விவசாயி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான், ஆனால் இறந்தவர் பெயரில் சான்றிதழ் தர மாட்டார்கள். முதலில் வாரிசுச் சான்று, அப்புறம் பட்டா மாற்றம், அதற்கும் பிறகுதான் மானியம். இந்த வரிசையைக் கவுண்டரில் யாரும் சொல்வதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரு காகிதம் குறைகிறது என்று திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்று, போர் எங்கே இருக்கிறது? கரையைத் தாண்டி ஏரிக்குள் போட்ட போரை நீர் ஆதாரமாகக் காட்டினால் கள ஆய்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

ஏரியிலிருந்து சட்டப்படி வாங்கக்கூடியது ஒன்று உண்டு: வண்டல் மண். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர், இலவசம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார், விண்ணப்பம் ஆன்லைனில். அனுமதித்த ஏரிப் பட்டியலில் உங்கள் ஏரி இருக்க வேண்டும். வண்டி வாடகை உங்கள் செலவு. "உங்க பேர்ல பர்மிட் எடுங்க, வண்டி நாங்க பாத்துக்கறோம்" என்று டிப்பர்காரர் யாராவது வந்தால் கொடுக்காதீர்கள். மண் செங்கல் சூளைக்குப் போகும். வண்டி பிடிபட்டால் பர்மிட்டில் இருக்கும் பெயருக்குத்தான் விசாரணை வரும்.