பிடிபட்டவரைக் கொன்ற வழக்குகள்: சட்டமும் சாட்சியும்

"ஆமிக்காரனுக்கு எதிரா வழக்குப் போட்டா நிக்குமோ, ஐயா?" இலங்கையில் காணாமல் போனவர்களின் உறவினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். சட்டம் நிற்கும், சாட்சி நிற்க வேண்டுமே என்பதுதான் ஒரு சட்டத்தரணியாக என் கவலை.

சட்டத்தில் குழப்பமில்லை. சரணடைந்தவர், காயப்பட்டு விழுந்தவர், பிடிபட்டவர் யாரையும் கொல்லக் கூடாது, அவர் ஆயுதம் ஏந்திய போராளியாகவே இருந்திருந்தாலும். 1949ஆம் ஆண்டின் நான்கு ஜெனீவா உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போருக்கும் இதை விதிக்கிறது. 'மேலிடத்து உத்தரவு' என்ற சாக்கு இங்கே எடுபடாது.

யாழ்ப்பாணத்து மிருசுவில் வழக்கைப் பாருங்கள். 2000 டிசம்பரில், இடம்பெயர்ந்து உடுப்பிட்டியில் இருந்தவர்கள் மிருசுவிலில் விட்டு வந்த தங்கள் வீடு வாசலைப் பார்க்கப் போனார்கள். இராணுவத்தினர் பிடித்தார்கள். 8 பேர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். அதில் 5 வயதுப் பிள்ளையும் அடக்கம். ஒருவர் மட்டும் அடிகாயத்தோடு தப்பி ஓடினார். அவர் சொன்னதை வைத்துத்தான் புதைகுழி தோண்டப்பட்டது. அவர் தப்பியிராவிட்டால் 'காணாமல் போனோர்' பட்டியலில் 8 பெயர்கள் கூடியிருக்கும், அவ்வளவுதான். சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு 2015 ஜூனில் மரண தண்டனை. மற்ற நால்வர் விடுதலை. 2019இல் உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 18 ஆண்டுகளுக்கு மேல் இழுத்த வழக்கு, ஒரு கையெழுத்தில் முடிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிரிட்டனிலும் கதை அதிகம் மாறவில்லை. 2011இல் ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில், காயப்பட்டுக் கிடந்த ஒருவரைச் சுட்ட பிரிட்டிஷ் மரைன் படைவீரர் அலெக்சாண்டர் பிளாக்மேன் சிக்கியது, சக வீரரின் தலைக்கவச கமராவில் பதிவான காட்சியால். கொலைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றார். 2017இல் அது கொலைக்குக் குறைந்த, மரணம் விளைவித்த குற்றமாகக் (manslaughter) குறைக்கப்பட்டு, அதே ஆண்டில் வெளியே வந்தார்.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? தப்பி வந்தவர் இருந்தால், காயம் ஆறுவதற்குள் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுங்கள். முறைப்பாட்டில் எந்த முகாம், என்ன வாகனம், என்ன நேரம், யார் யார் பார்த்தார்கள் என்று எழுதிப் பிரதி வாங்கி வையுங்கள். 'ஆமிக்காரர் பிடிச்சவை' என்று மட்டும் எழுதிய முறைப்பாட்டை வைத்து நீதிமன்றத்தில் எதையும் நிறுவ முடியாது. அப்புறம், எங்காவது எலும்போ துணியோ தென்பட்டால் ஆத்திரத்தில் நீங்களே தோண்டாதீர்கள். நீதவானின் உத்தரவோடு நிபுணர்கள் தோண்டட்டும். மண் ஒருமுறை கலைந்தால், யார் எப்போது புதைத்தார்கள் என்பதை மறுபடி நிறுவுவது பெரும்பாடு.