பஸ் இறங்கியதை ஆங்கிலம் எங்கே சொல்கிறது?

அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்த பஸ், ஆட்களை இறக்கிவிட்ட கையோடு திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் இப்படிச் சொல்லலாம்: ‘த பஸ் வென்ட் ரைட் பேக் டவுன் டு சேலம்.’ இதில் ‘வென்ட்’ போனதை மட்டும்தான் சொல்கிறது. மற்ற சேதியெல்லாம் சேலத்துக்கு முன்னால் நிற்கும் நாலு பொடிச் சொற்களில் இருக்கிறது.

அந்த வரிசையைக் கலைக்க முடியாது. சேலத்தை ஒட்டி நிற்கும் ‘டு’ போய்ச்சேரும் இடத்தைக் காட்டும். அதற்கு முன்னால் ‘டவுன்’, கீழே என்ற திசை. அதற்கும் முன்னால் ‘பேக்’, வந்த இடத்துக்கே என்பதற்காக. எல்லாவற்றுக்கும் வெளியே ‘ரைட்’, உடனே, நேரே என்ற அழுத்தம். ‘டவுன் பேக் டு’ என்று மாற்றினால் காதில் இடறும். ஆனால் ஒன்றிரண்டை உருவிவிட்டால் கெடாது: ‘பேக் டு சேலம்’, ‘ரைட் டவுன் டு சேலம்’ எல்லாம் சரிதான். பஸ் எங்கே போனது என்று கேட்டால் மொத்தக் கொத்தையும் ஒரே பதிலாகச் சொல்லலாம்.

பள்ளியில் ‘டு’வை ப்ரிபோசிஷன் என்றும், தனியே வரும் ‘டவுன்’ வினையடை என்றும் பிரித்துப் படித்தோம். டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1924-லேயே இந்தப் பிரிவினையை ஒப்பவில்லை. ‘சாப்பிட்டேன்’ என்றாலும் ‘தோசை சாப்பிட்டேன்’ என்றாலும் வினை ஒன்றுதானே. அதுபோல, பின்னால் பெயர் வந்தாலும் வராவிட்டாலும் ‘டவுன்’ ஒரே இனம். எனக்கும் இதுதான் சரியாகப் படுகிறது. சோதித்துப் பார்க்க ‘ரைட்’ போதும். ‘ரைட் டவுன்’, ‘ரைட் டு சேலம்’ இரண்டும் பொருந்தும். ஆனால் ‘க்விக்லி’ அசல் வினையடை, ‘ரைட் க்விக்லி’ பொதுவழக்கு ஆங்கிலத்தில் பொருந்தாது.

இந்த ‘ரைட்’ இன்னொரு வேலையும் செய்யும். ‘ஷி ப்ராட் பேக் த அம்ப்ரெல்லா’ என்றும் சொல்லலாம், குடையை முன்னுக்குக் கொண்டுவந்து ‘ஷி ப்ராட் த அம்ப்ரெல்லா பேக்’ என்றும் சொல்லலாம். நடுவே ‘ரைட்’ புகுந்தால் இரண்டாவது மட்டுமே நிற்கும்.

நமக்கு இந்தக் கொத்து வேண்டியதில்லை. திசை வினைக்குள்ளேயே இருக்கிறது: ஏறு, இறங்கு, நுழை, கட. லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் உலக மொழிகளை இந்த வகையில் பிரித்தபோது தமிழை வினையில் வழி சொல்லும் மொழிகளோடு சேர்த்தார். ‘சேலத்துக்கே திரும்ப இறங்கிடுச்சு’, ‘திரும்ப சேலத்துக்கே இறங்கிடுச்சு’, எப்படிச் சொன்னாலும் பஸ் கீழேதான் போகும்.

அழுத்தத்தைப் பாருங்கள். ‘ரைட் அப் டு த லேக்’ என்பதை நாம் ‘ஏரி வரைக்குமே’ என்போம். அங்கே முதலில் நிற்கும் ‘ரைட்’டின் வேலையை இங்கே கடைசியில் ஓர் ஏகாரம் பார்க்கிறது. அப்படியே தலைகீழ்.

நகராமல் இருக்கும்போது மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன. ஏற்காட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ‘கீழே சேலத்துல வெயில் கொளுத்துது’ என்கிறோம். அவர்களுக்கு ‘டவுன் இன் சேலம்’. ஆனால் சேலத்தில் இருந்துகொண்டு ‘டவுன் இன் மதுரை’ என்றும் ஆங்கிலத்தில் சொல்லலாம், வரைபடத்தில் தெற்கு கீழே இருப்பதால். நமக்கு மதுரை ‘தெற்கே’தான். கீழத்தெரு என்றால் கிழக்குத் தெரு.