சண்டைக்கு முன்னால், எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள்?

சயின்ஸ் ஃபிக்‌ஷன் ஆக்‌ஷன் படத்தில் பிடிகொடுக்காத காட்சி ஒன்று சிக்கிவிட்டால் ரசிகர்கள் லேசில் விடமாட்டார்கள். படத்தொகுப்பாளனாக எனக்கு அந்த விவாதங்கள் பிடிக்கும். ஒரு ஷாட்டை எங்கே வெட்டினோம் என்று இத்தனை பேர் உற்றுப் பார்ப்பது சும்மாவா? ஆனால் பல சண்டைகளில் இரு தரப்பும் ஒரே படத்தைப் பார்த்திருப்பதே இல்லை.

‘பிளேட் ரன்னர்’ படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்லி ஸ்காட் இயக்கி 1982இல் வந்தது. தப்பியோடிய செயற்கை மனிதர்களை வேட்டையாடும் டெக்கார்ட், தானும் செயற்கை மனிதன்தானா? கடைசியில் அவன் வீட்டுக்கு வெளியே, காகிதத்தில் மடித்த ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்று தரையில் கிடக்கும். முதலில் தியேட்டருக்கு வந்த பதிப்பில் அதற்குப் பெரிய மர்மம் கிடையாது. காகிதம் மடிக்கும் பழக்கமுள்ள காஃப் என்ற போலீஸ்காரன் வந்துபோயிருக்கிறான், டெக்கார்ட் காதலிக்கும் செயற்கைப் பெண் ரேச்சலை உயிரோடு விட்டுவிட்டான் என்று பின்னணிக் குரலே சொல்லிவிடும்.

1992 டைரக்டர்ஸ் கட்டில், அதாவது இயக்குநரின் எண்ணப்படி தொகுத்த பதிப்பில், அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். டெக்கார்ட் ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கனவாகக் காணும் சில நொடிகளைச் சேர்த்தார்கள். அவன் மனதுக்குள் ஓடுவது காஃபுக்கு எப்படித் தெரியும்? செயற்கை மனிதர்களுக்கு வைப்பதுபோல, அந்த நினைவே யாரோ உள்ளே வைத்ததோ? காகிதக் குதிரை என்னவோ அதேதான். வெகு முன்னால் ஒட்டிய ஒரு ஷாட் அதன் பொருளையே மாற்றிவிட்டது. ஆக, 1982 பதிப்பைப் பார்த்தவரும் 1992 பதிப்பைப் பார்த்தவரும் விடிய விடியப் பேசினாலும் ஒரு முடிவுக்கு வரப்போவதில்லை.

இன்னொன்று எங்கள் தொழிலுக்கு ரொம்ப நெருக்கமானது. முதல் பதிப்பில் போலீஸ் அதிகாரி, தப்பியவர்கள் ஆறு பேர், அதில் ஒருவர் மின்சாரம் தாக்கிச் செத்துவிட்டார் என்று சொல்வார். மீதி ஐந்து வரவேண்டும். திரையில் வேட்டையாடப்படுவதோ நான்கு பேர். ஐந்தாவது ஆள் டெக்கார்ட்தான் என்று ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். உண்மையில் திரைக்கதையில் மேரி என்று ஒரு பாத்திரம் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், வசனத்தில் இருந்த கணக்கு மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. 2007இல் வந்த ‘ஃபைனல் கட்’ என்ற பதிப்பில்தான் ‘இருவர் செத்தார்கள்’ என்று திருத்தினார்கள்.

எந்த எடிட்டரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார். ஒரு ஆளையே தூக்கிவிடுவோம், அவரைப் பற்றிய ஒரு வரி எங்கோ ஒட்டிக்கொண்டு நிற்கும். பேசுபவரின் முதுகு தெரிகிற ஷாட்டாக இருந்தால் டப்பிங்கில் எண்ணை மாற்றிவிட்டுப் போகலாம். முகம் நேராகத் தெரிந்தால் உதடு காட்டிக்கொடுத்துவிடும். மாற்று டேக்கும் இல்லையா, அப்புறம் ‘யாரும் எண்ண மாட்டார்கள்’ என்ற நம்பிக்கைதான். எண்ணுவார்கள்!

அதற்காக விட்டுப்போன ஒரு வரியை வைத்து யோசித்த ரசிகரை நான் குறை சொல்ல மாட்டேன். படத்தில் இருப்பதை வைத்துத்தானே அவர் பேச முடியும்? ஆனால் ‘இது இயக்குநர் வேண்டுமென்றே வைத்த தடயம்’ என்று அடித்துச் சொல்லும்முன் கொஞ்சம் நிதானம் தேவை.

ஸ்கிரீன்ஷாட் விஷயத்தில் இன்னும் கூடுதல் நிதானம் வேண்டும். சினிமாவில் நொடிக்கு 24 ஃப்ரேம்கள். கண் சிமிட்டத் தொடங்கும் ஒரே ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தால் நல்லவன்கூடச் சதிகாரனாகத் தெரிவான். ஓடும்போது அந்த முகபாவமே இருக்காது. இருட்டான காட்சியைப் பிரைட்னஸ் ஏற்றிப் பகிர்ந்தால், வீடியோவைச் சுருக்கும்போது நிழலில் விழுந்த கட்டம் கட்டமான பிசிறுகள்கூட உருவம்போலத் தோன்றும். அதே படத்தில் ரேச்சலுக்குப் பின்னால் ஃபோகஸ் இல்லாமல் நிற்கும் டெக்கார்டின் கண்கள் ஒரு கணம் மின்னும். செயற்கை மனிதர்களின் கண்ணை மின்ன வைக்க, பாதி ஒளியை ஊடுருவவிடும் கண்ணாடியை லென்ஸ் முன் சாய்த்து வைத்து, கேமரா பார்க்கும் திசையிலேயே ஒளியை அனுப்பினார்கள். அந்த மின்னலை ஓடும் படத்தில், அதற்குரிய இருட்டோடு பார்த்துவிட்டு வாதாடுங்கள்.

சரி, படைத்தவர்களையே கேட்டுவிடலாமே என்பீர்கள். டெக்கார்ட் செயற்கை மனிதன்தான் என்கிறார் ஸ்காட். நடித்த ஹாரிசன் ஃபோர்டு, அவன் மனிதன் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார். 2017இல் வந்த அடுத்த பாகமும் பிடிகொடுக்கவில்லை. என்னைக் கேட்டால், பேட்டியில் சொன்னது படத்தில் சேராது.

அடுத்த முறை வாதத்தில் இறங்கும்போது பதிப்பின் ஆண்டையும், காட்சி வரும் மணி, நிமிடம், நொடியையும் முதலில் எழுதுங்கள். மொழிமாற்றுப் பதிப்பு என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உதட்டசைவுக்காக வசனத்தை இழுத்ததோ சுருக்கியதோ இருந்தால், நீங்கள் சண்டை போடுவது டப்பிங் வசனகர்த்தாவோடுதான்.