பழைய வீட்டுச் சுவரில் சிமெண்ட் பூசுமுன்

பொங்கல் கழிந்து திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். முற்றம், தாழ்வாரம், மேலே மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை. வீட்டுக்காரர் பணி ஓய்வு பெற்றவர், கைவேலை தெரிந்தவர். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்திருந்ததாம். வீடியோ பார்த்து, காரையைக் கொத்தியெடுத்து, ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவை பூசி, வாட்டர் ப்ரூஃப் பெயிண்டும் அடித்திருக்கிறார். "சிமெண்ட்தானே சார் கெட்டி?" என்றார். இரண்டே மழைக்காலம், ஓதம் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது.

அந்தக் காலச் சுவர்கள் பலவற்றில் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரத்தைச் செங்கல் உறிஞ்சும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுக் காயவைக்கும். சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் மேலேதான் ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்து, செங்கல்லையே மாவாக்கும். அவர் பூசியதைத் தட்டினேன். பலகை பலகையாக விழுந்தது, செங்கல்லின் மேல்தோலோடு.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஒழுகும் குழாய், அடைத்த மழைநீர்த் தூம்பு. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: ரோட்டுக்கு மேல் ரோடு போட்டுப் போட்டு, வீடு தெருவைவிடப் பள்ளமாகிவிட்டது! அதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. பிறகு சிமெண்டைக் கொத்தி, கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்பும் ஆற்று மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து பூசலாம். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என்னை அதிகம் பயமுறுத்துவது மேல்தளம்தான். 2011 தானே புயலுக்குப் பிறகு, ஒழுகுகிறதே என்று மேலே கான்கிரீட் கொட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு அங்குலம் போட்டால் 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் பாரம். அதைத் தாங்க வேண்டிய கட்டையின் நுனி சுவருக்குள் நனைந்து உளுத்திருக்கும், வெளியே பார்த்தால் வார்னிஷ் மின்னும். கட்டை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஊறிய அவலில் போவதுபோல் இறங்கினால், கீழே ஆள் படுக்கக் கூடாது; சவுக்குக் கட்டை முட்டு கொடுப்பதைக்கூட பொறியாளர் பார்த்த பிறகு கொத்தனாரே செய்யட்டும்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றையும் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், கல்லோடு வரும். விரிசல் இருந்தால் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் விரிசல் இன்னும் வளர்கிறது.

திருப்பாதிரிப்புலியூர்க்காரர் போன வாரமும் போன் செய்தார், எப்போது பூசலாம் என்று. சித்திரை கழியட்டும் என்றேன்.