வாசனை பட்டதும் மூச்சு முட்டுவது ஏன்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பெரியம்மா வீட்டில் தரையை வெறும் தண்ணீரில்தான் துடைப்பார்கள். பக்கத்து வீட்டில் யாராவது வாசனை போட்ட, தரை துடைக்கும் திரவத்தை ஊற்றினால் போதும், பெரியம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொள்வார். "நெஞ்ச அடைக்குதுய்யா" என்பார். விரல் நுனிகள் மரத்துப்போகும், உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுவது போலிருக்கும். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, ஆஸ்துமாவுக்கான ஊதும் சோதனை எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றிலும் கோளாறு இல்லை. ஒரு கிளினிக்கில், "எல்லாம் மனசுதான் ஆண்ட்டி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். காரில் திரும்பும்போது அவர் கேட்டது ஒரே கேள்வி: "நான் நடிக்கிறேன்னு சொல்றாங்களா?"

இல்லை, அவர் நடிக்கவில்லை. அந்த மரத்துப்போன விரல்களை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அவர் உடம்பில் அப்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சோப்பு, பெயின்ட், அத்தர், கொசு மருந்து என்று அன்றாடம் புழங்கும் பொருள்கள், மற்றவர்களைப் பாதிக்காத அளவிலேயே சிலருக்கு மூச்சுத்திணறலையும் தலைசுற்றலையும் கொண்டுவருகின்றன. முன்பு இதைப் பல வேதிப்பொருள் கூருணர்வு என்று அழைத்தார்கள். 1996-இல் உலகச் சுகாதார நிறுவனம் தொடர்புடைய ஒரு கூட்டத்தில், காரணம் தெரியாத சூழல் தாங்காமை என்ற பொருள்படும் பெயர் முன்வைக்கப்பட்டது. ஒவ்வாமை வேறு. அதில் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவதைச் சோதனையில் பார்க்கலாம். இதில் அப்படி எதுவும் அகப்படுவதில்லை.

அப்படியானால் எது கிளம்புகிறது? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஓமர் வான் டென் பெர்க் குழுவினர் செய்த சோதனைகள் இதற்கு நல்ல விடை தருகின்றன. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அவற்றைப் படிக்கும்போது ஒரு திடுக்கிடல் வரும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நல்ல ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வாசனையோடு 7.5 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றைச் சில முறை சுவாசிக்கக் கொடுத்தார்கள். வெளிக்காற்றில் அது 0.04 விழுக்காடுதான். அவ்வளவு கரியமில வாயு உள்ளே போனால் யாருக்கும் மூச்சு வாங்கும், படபடக்கும். அப்புறம் வாயுவை நிறுத்திவிட்டு வாசனையை மட்டும் கொடுத்தார்கள். அப்போதும் அறிகுறிகள் வந்தன. புளியை நினைத்தால் நாவில் நீர் ஊறுகிறதே, அதே போலத்தான். வாசனைக்கும் மூச்சுமுட்டலுக்கும் உடம்பு முடிச்சுப் போட்டுவிட்டது.

இந்த முடிச்சு எல்லா வாசனைக்கும் விழவில்லை. அம்மோனியா போன்ற கெட்ட வாடைக்கு விழுந்தது, இதமான வாசனைக்கு விழவில்லை. 2000-இல் வெளிவந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அம்மோனியாவோடு கரியமில வாயுவைச் சுவாசித்தவர்கள், அதுவரை அந்தச் சோதனையில் முகராத பியூட்ரிக் அமிலத்துக்கும் (கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம்) அசெட்டிக் அமிலத்துக்கும்கூட (வினிகரின் வாடை) அறிகுறி காட்டினார்கள். எலுமிச்சை வாசனைக்கு அவ்வளவாக இல்லை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது இந்தப் பரவல் இன்னும் கூடியிருந்தது.

இப்போது ரப்பர் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். பால் உறையாமல் இருக்க ஊற்றுவது அம்மோனியா. உறைய வைக்க ஊற்றுவது அமிலம். உறைந்த ரப்பர் பாலான கட்டிப்பால் நாறுகிறதே, அந்த நாற்றத்தில் பியூட்ரிக் அமிலமும் உண்டு. லூவனில் குப்பியில் அடைத்துக் கொடுத்ததை எங்கள் ஆட்கள் காலையில் எழுந்ததிலிருந்து சுவாசித்தார்கள்.

பெரியம்மா பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர், பிறகு முதுகில் தோம்பை, அதாவது மருந்துத் தொட்டியை, சுமந்து புல்லுக்கு மருந்து அடித்தவர். ஒரு நாள் காற்று திரும்பி மருந்து முகத்தில் அடித்து, வாந்தி எடுத்து, மூச்சுத் திணறிக் கிடந்தார். அது நிஜமான நஞ்சு. பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டதே 2020 ஜனவரியில்தான். 2019-இல் பாசிர் கூடாங்கில் ஆற்றில் கொட்டிய வேதிக்கழிவால் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள். அதை யாராவது மனப்பிரமை என்று சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். முதலில் நஞ்சு இருக்கிறதா, ஆஸ்துமா இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பெரியம்மா விஷயத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான்: அன்று மருந்து போட்ட முடிச்சு, மருந்து போனபிறகும் அவிழவில்லை.

மீதி வேலையைப் பயம் செய்கிறது. வாடை பட்டதும் நம்மை அறியாமல் வேகமாக மூச்சிழுக்கிறோம். கரியமில வாயு தேவைக்கு மேல் வெளியேறிவிடுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்குவதால் தலை சுற்றுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடி, விரலும் உதடும் மரக்கின்றன. அதைக் கண்டு இன்னும் பயம், இன்னும் மூச்சு.

நம்பிக்கைக்கும் இதில் பங்குண்டு. 1990-களில் அமெரிக்காவில் பமேலா டால்டன் அசெட்டோனை வைத்துச் சோதித்தார். நகப்பூச்சைத் துடைக்கும் திரவத்தின் வாடை அது. அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். கெடுதலானது என்று சொல்லப்பட்டவர்களுக்கு எரிச்சலும் அறிகுறியும் அதிகம். கைத்தொலைபேசிக் கோபுரத்தால், வைஃபையால் தலைவலி வருகிறது என்று சிலர் சொல்லும் விஷயமும் இப்படித்தான். கதிர்வீச்சு இருக்கிறதா இல்லையா என்பதை மறைத்துச் செய்த 46 சோதனைகளை, 1,175 பேரின் முடிவுகளோடு, 2010-இல் ஜேம்ஸ் ரூபின் குழு தொகுத்துப் பார்த்தது. கதிர்வீச்சுதான் அறிகுறிக்குக் காரணம் என்று காட்டும் உறுதியான சான்று அகப்படவில்லை. போலிக் கதிர்வீச்சுக்கும் தலைவலி வந்தது. வலி மட்டும் போலியில்லை.

விலகி விலகிப் போனால் முடிச்சு இறுகும். பெரியம்மா முதலில் சோப்பை விட்டார், பிறகு கல்யாண வீடுகளை, பிறகு கோயிலை. லூவன் குழு இன்னொன்றையும் காட்டியது: கரியமில வாயு இல்லாமல் அதே வாடையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது அறிகுறிகள் குறைந்தன. அந்த வழியில்தான் இப்போது ஒரு மனநல ஆலோசகர் அவருக்கு உதவுகிறார். வாசலில் பஞ்சில் தரை துடைக்கும் திரவம் ஒரு சொட்டு, எட்டடி தள்ளி நாற்காலி, மெதுவாக மூச்சை விட ஒரு நிமிடம். அடுத்த வாரம் ஏழடி.

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டில் தரை துடைத்தார்கள். பெரியம்மா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். விரல்களை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, மடியில் இருந்த முருங்கைக்கீரையை உருவத் தொடங்கினார்.