வாய்க்கால் லஸ்கரும் கப்பல் லஸ்கரும்

தஞ்சாவூர்ப் பக்கம் ‘லஸ்கர்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. மதகின் ஷட்டரை ஏற்றி இறக்குபவர், வாய்க்கால் கரையோடு நடந்து உடைப்பு ஏதும் இருந்தால் மேலதிகாரிக்குச் சொல்லி அனுப்புபவர். சம்பளப் பட்டியலில் கடைசி வரி. ஆனால் முறைத்தண்ணீர் வரும் நாளில் ஊரில் அவருக்குத்தான் முதல் காபி.

பிரிட்டிஷ் கப்பல் கம்பெனிகளின் பழைய ஏடுகளிலும் இதே சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அங்கே லஸ்கர் என்றால் வணிகக் கப்பலில் வேலை பார்த்த ஆசிய மாலுமி, பெரும்பாலும் இந்தியர். சரி, மதகுக்கும் நடுக்கடலுக்கும் என்ன சம்பந்தம்?

வேர், பாரசீகத்தின் ‘லஷ்கர்’. பொருள் படை, பாசறை. குவாலியரில் சிந்தியாவின் படை கூடாரமடித்த இடம் வளர்ந்து ஊராகி, இன்றும் லஷ்கர் என்றே பெயர் தாங்குகிறது. இந்தச் சொல்லைப் போர்த்துக்கீசியர் எடுத்து ‘லஸ்கரீம்’ ஆக்கினார்கள். இலங்கையில் அவர்களுக்காகவும், பிறகு டச்சுக்காரர்களுக்காகவும் சண்டை போட்ட உள்ளூர் வீரர்களுக்கு அதுதான் பெயர். ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் சொல் இரண்டு கிளையாகப் பிரிந்தது. நிலத்தில் பீரங்கி இழுப்பவர், கூடாரம் அடிப்பவர் என்று தொடங்கி அரசாங்கத்தின் கடைநிலை ஆள்வரை இறங்கியது. நம் மதகு லஸ்கர் இந்தக் கிளை. கடலில் அது கப்பல் கூலியாளின் பெயரானது. படைவீரனைக் குறித்த சொல் இரண்டு கிளையிலும் ஆயுதமில்லாத ஆளிடம் வந்து நின்றுவிட்டது.

கப்பலில் லஸ்கர்களுக்குள் இருந்த படிநிலைப் பெயர்களும் சுவையானவை. எல்லோருக்கும் மேலே ‘சாரங்’. இதுவும் பாரசீகம்தான்: ‘சர்ஹங்’, படைத்தலைவன். கன்னியாகுமரி, கேரளக் கரைகளில் விசைப்படகு ஓட்டுபவரை இன்றைக்கும் ‘ஸ்ராங்கு’ என்கிறார்களே, அவரேதான். அடுத்து ‘டிண்டல்’. ஆங்கிலப் பெயர் மாதிரித் தோன்றும். ஆனால் தூத்துக்குடித் தோணிக்காரர்களின் ‘தண்டல்’தான் அது. சமைப்பவர் ‘பண்டாரி’. ஆள் பிடிப்பதே பல நேரம் சாரங் கையில்தான் இருந்தது. தன் ஊர், தன் சொந்தம் என்று ஒரு கும்பலையே கப்பலேற்றுவார், கமிஷனும் வாங்கிக்கொள்வார்.

இனி சட்டத்துக்கு வருவோம். இந்தச் சொல்லின் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது. பிரிட்டிஷ் கப்பல் என்றால் ஊழியரில் நான்கில் மூன்று பங்கு ஆங்கிலேயராக இருக்க வேண்டும் என்றது 1660-ஆம் ஆண்டின் கப்பல் சட்டம். 1823-இல் வந்த சட்டமோ, பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட இடத்தில் பிறந்தவரானாலும் லஸ்கர் பிரிட்டிஷ் மாலுமிக் கணக்கில் வரமாட்டார் என்று எழுதியே வைத்தது. அவர்களுக்கென்று தனி ஒப்பந்தம், குறைந்த சம்பளம், படுக்கக் குறைந்த இடம். 1939-இல் போர் தொடங்கியபோதும் அவர்கள் வாங்கியது வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் கால் பங்குக்கும் கீழே. அந்த ஆண்டுக் கடைசியில் பிரிட்டிஷ் துறைமுகங்களில் லஸ்கர்கள் கூடுதல் கூலி கேட்டுக் கப்பலேற மறுத்தார்கள். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். கூலியும் கொஞ்சம் கூடியது. ஆக, லஸ்கர் என்பது தொழிற்பெயர் மட்டுமல்ல, ஒரு சம்பள விகிதத்தின் பெயரும்கூட.

அப்போது பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இருந்த சுமார் 1,90,000 பேரில் ஏறக்குறைய 50,000 பேர் லஸ்கர்கள். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஏறியவர்கள். சில்ஹெட், நவகாளி, மீர்ப்பூர், ரத்னகிரி, கோவா ஊர்க்காரர்கள். சில்ஹெட்டுக்காரர்கள் பெரும்பாலும் இயந்திர அறையில், அதாவது நீர்மட்டத்துக்குக் கீழே. டார்பிடோ அடித்தால் முதலில் தண்ணீர் புகும் இடம் அது.

‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பல் 1940 செப்டம்பர் 17 இரவு அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்டது. கனடாவுக்கு அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 77 பேர் இறந்ததால் கப்பலின் பெயர் இன்றும் நினைவிருக்கிறது. அதன் 12-ஆம் எண் உயிர்காப்புப் படகில் 46 பேர் எட்டு நாள் மிதந்தார்கள். ஒருவேளைச் சாப்பாடு என்பது ஒரு கப்பல் பிஸ்கட், மேலே ஒரு மத்தி மீன். அப்புறம் அளந்து ஊற்றும் சிறு குவளைத் தண்ணீர். அந்தப் படகில் ஆறு சிறுவர்கள் இருந்ததைச் சொல்லாத ஆள் இல்லை. மீதிப் பேரில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் லஸ்கர்கள் என்பது பலமுறை விட்டுப்போகும். வட அட்லாண்டிக் குளிரில், மெல்லிய பருத்தி உடுப்போடு இருந்தவர்கள் அவர்கள்தான்.

இங்கே இன்னொரு சொல்லையும் பார்த்துவிடலாம்: ‘மெர்ச்சன்ட் நேவி’. முதல் உலகப் போரில் பட்ட பாட்டுக்கு மரியாதையாக, பிரிட்டிஷ் வணிகக் கப்பல்துறைக்கு மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தந்த பெயர் இது. 1928-இல் இளவரசருக்கு அதன் தலைவர் என்ற பட்டத்தையும் கொடுத்தார். பெயரில் நேவி வந்ததே தவிர, ஆட்கள் சீருடையில்லாத கூலிக்காரர்களாகவே இருந்தார்கள். கரையில் சாதாரணச் சட்டையோடு நடந்தால், “போருக்குப் போகாமல் சுற்றுகிறான்” என்ற ஏச்சு. அதைத் தடுக்க 1940-இல் சட்டையில் குத்திக்கொள்ள ‘எம்.என்.’ என்று எழுதிய சின்ன வெள்ளிநிற பேட்ஜ் கொடுத்தார்கள். கப்பல் மூழ்கினால் வேலை ஒப்பந்தமும் அதோடு முடிந்துவிடும். 1941-இல் வந்த உத்தரவுதான் இந்த நிலையை மாற்றியது. வெள்ளையரும் லஸ்கருமாக அந்தப் போரில் இறந்தவர்கள் 30,000-க்கும் மேல். இந்திய மாலுமிகள் மட்டும் சுமார் 6,600.

லண்டன் டவர் ஹில்லில் கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத மாலுமிகளின் பெயர்களை வெண்கலத் தகடுகளில் பொறித்திருக்கிறார்கள். லஸ்கர்களின் பெயர்களை அங்கே தேடிப் பயனில்லை. இரண்டாம் போரில் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் பம்பாய்க்கும் சிட்டகாங்குக்கும் போய்விட்டது. கல்கத்தாவில் ஹூக்ளிக் கரையில் 1924-இல் திறந்த லஸ்கர் நினைவுத்தூண், முதல் போரில் இறந்த வங்காள, அசாம் லஸ்கர்கள் 896 பேருக்கானது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘மெர்ச்சன்ட் நேவி’யை வணிகக் கடற்படை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. துப்பாக்கியைக் காட்டாத படை என்ன படை? வணிகக் கப்பல்துறை போதும். மாலுமி என்ற சொல் அச்சு அசல் தமிழ்போலக் கேட்கும். ஆனால் அது அரபியின் ‘முஅல்லிம்’, கற்பிப்பவன், வழிகாட்டி. காயல்பட்டினக் கரை வழியாக அரபிச் சொற்கள் நம்மிடம் வந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. அதை வெளியே தள்ள வேண்டியதில்லை. மீகாமன் நல்ல பழஞ்சொல், ஆனால் கப்பலைச் செலுத்தும் தலைவனுக்குரியது. கரி அள்ளிப் போட்டவனுக்குப் பொருந்தாது. ‘கடலோடும் நாவாயும்’ என்ற குறள் அடியை ஒட்டி நிற்கும் ‘கடலோடி’ எல்லாப் படிக்கும் பொருந்தும்.

பொதுவாக எழுதும்போது இந்தியக் கடலோடி என்றே எழுதலாம். ஒப்பந்தம், கூலி, சட்டம் பற்றி எழுதும்போது மட்டும் லஸ்கர் என்பதை அப்படியே விட்டுவிடுங்கள்; மாற்றினால் அந்தத் தனி ஒப்பந்தமே கண்ணில் படாமல் போய்விடும். மதகு லஸ்கருக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். ஊர்ப் பொதுவில் ஆள் வைத்து, அறுவடையில் நெல் அளந்து கொடுத்த காலத்திலேயே அந்த வேலைக்கு நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று பெயர்கள் இருந்தன.